யாருக்குள் யார்?

போன இதழில் மாடலிங் டூல் பற்றி ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம் வரை எல்லாருக்கும் ஒரே சந்தேகம். எதற்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று டூலுக்கு எப்படிச் சொல்லித் தருவது? இந்தப் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: மாமா, 'கன்டெய்ன்மென்ட் ரூல்' என்றால் என்ன? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

டிபன் கேரியருக்குள் சாம்பார் போகலாம். சாம்பாருக்குள் டிபன் கேரியர் போகக் கூடாது. இதை டூலுக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்தால் அடக்க விதி.

கேள்வி: இரண்டு பெட்டிக்கு நடுவே அம்புக்குறி போட்டாலும் சம்பந்தம்தானே? அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– ஐ.டி. ஊழியர், மேடவாக்கம்

உங்கள் பெயர் எத்தனை கல்யாணப் பத்திரிகையில் வேண்டுமானாலும் 'தங்கள் நல்வரவை நாடும்' வரிசையில் அச்சாகலாம். ரேஷன் கார்டில் மட்டும் ஒரே ஒரு இடம். பத்திரிகை ரெஃபரன்ஸ், ரேஷன் கார்டு கன்டெய்ன்மென்ட்.

கேள்வி: எக்லிப்ஸின் மாடலிங் கட்டமைப்பான இ.எம்.எஃப்.பில் ஒரு ஆப்ஜெக்டை இரண்டாவது லிஸ்டில் சேர்த்தேன். முதல் லிஸ்டிலிருந்து தானாகக் காணாமல் போய்விட்டது. பேய் வேலையா?
– புரோகிராமர், சேலையூர்

பேய் இல்லை தம்பி, வழங்கல் அலுவலகம். கல்யாணமான பெண்ணைப் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க வேண்டுமானால் தாய்வீட்டுக் கார்டில் பெயர் நீக்க வேண்டும். நமக்கு அது இரண்டு விண்ணப்பம், இரண்டு நடை. இ.எம்.எஃப். இரண்டையும் ஒரே நொடியில் முடித்துவிடும், உங்களிடம் கேட்கவும் கேட்காது. ஒரு பொருளுக்கு ஒரு வீடு என்பது அதன் சட்டம்.

இரண்டு இடத்திலும் தெரிய வேண்டுமென்றால் இரண்டாவது லிஸ்டின் 'கன்டெய்ன்மென்ட்' குணத்தை ஃபால்ஸ் ஆக்குங்கள். இன்னொன்று: லிஸ்டில் லூப் ஓட்டிக்கொண்டே அதே லிஸ்டிலிருந்து ஆட்களை நகர்த்தாதீர்கள். லிஸ்டை நகலெடுத்துக்கொண்டு ஓட்டுங்கள். கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டே ஆட்களை உட்காரச் சொல்ல முடியாது.

கேள்வி: பயிற்சிக்காகத் தாம்பரம் மாநகராட்சியை மாடலாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். வார்டு யாருக்குள் வரும்? மண்டலமா, தாலுகாவா, தொகுதியா? வீட்டில் அப்பாவைக் கேட்டால் ஒரு பதில், தாத்தாவைக் கேட்டால் ஒரு பதில்.
– பயிற்சிப் பொறியாளர், சிட்லபாக்கம்

இப்படிக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் பதில் சொல்வேன்.

2021 நவம்பர் 3 அன்று ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. உங்கள் சிட்லபாக்கம் அந்தப் பேரூராட்சிகளில் ஒன்று. 5 மண்டலம், 70 வார்டு. மாநகராட்சிக்குள் மண்டலம், மண்டலத்துக்குள் வார்டு. இதுவரை தார் ரோடு.

இனிமேல் பள்ளம். தாலுகாவுக்குள் மாநகராட்சியைப் போடலாமா? முடியாது, அது தாம்பரம், பல்லாவரம் என்று இரண்டு தாலுகாவிலும் கால் வைத்து நிற்கிறது. போலீஸ் கமிஷனரேட்? 2022 ஜனவரி 1 அன்று தொடங்கிய கமிஷனரேட்டில் கூடுவாஞ்சேரி உண்டு, மாநகராட்சியில் கிடையாது. தபால்காரருக்கோ தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் 600045, அந்தப் பக்கம் 600059. ஓட்டுப் போடும்போது சட்டமன்றத்துக்குத் தாம்பரம், நாடாளுமன்றத்துக்கு ஸ்ரீபெரும்புதூர். ஒரு தெருவுக்கு இத்தனை அப்பாக்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். டூல் ஒருவரைத்தான் ஏற்கும்.

யாரை? என் சோதனை ஒன்றுதான்: இவரை அழித்தால் அவரும் இல்லாமல் போவாரா? பின்கோடை மாற்றுங்கள், வார்டு சாகாது. தொகுதியை மறுவரையறை செய்யுங்கள், சாகாது. மாநகராட்சியைக் கலையுங்கள், வார்டு என்ற பேச்சே இல்லை. ஆக வார்டு அந்தக் குடும்பம். தாலுகா, கமிஷனரேட், தொகுதி, பின்கோடு எல்லாம் ரெஃபரன்ஸ்.

மண்டலம் கொஞ்சம் நுணுக்கம். அது வேலை வசதிக்காகக் கட்டிய கட்டு. அவிழ்த்தால் வார்டு வேறு கட்டில் சேரும். அதனால் மண்டலத்துக்குள் வார்டு என்று விதி எழுதுகிறவர், 'உள்ளே வார்டு இருக்கும்வரை மண்டலத்தை டெலிட் செய்ய விடாதே' என்ற இன்னொரு விதியையும் சேர்த்தே எழுத வேண்டும். இல்லாவிட்டால் மண்டலத்தின் மேல் ஒரு டெலிட், மொத்த வார்டும் கோவிந்தா.

கடைசியாகத் தெரு. எல்லாரும் அதை வார்டுக்குள் போடுவார்கள். போடாதீர்கள். 2021-ல் உங்கள் பேரூராட்சி கலைந்தது, அதன் வார்டுகளும் கலைந்தன. உங்கள் தெரு கலைந்ததா? அதே வேப்பமரம், அதே மளிகைக் கடை, அதே பள்ளம். தெருவுக்கு அப்பா ஊர்தான். தாத்தா சொன்னது அதுவாக இருந்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுங்கள்.

கேள்வி: யூஎம்எல் என்ற மாடலிங் மொழியின் படத்தில் கறுப்பு வைரத்துக்கும் வெற்று வைரத்துக்கும் என்ன வித்தியாசம்? தேர்வில் இரண்டு மார்க்.
– மாணவர், வண்டலூர்

உள்ளே கறுப்பு நிரப்பிய வைரம்: முழுசு போனால் பாகமும் போகும், பாகத்துக்கு ஒரே நேரத்தில் ஒரே முதலாளி. வெற்று வைரம்: அதற்கு என்ன பொருள் என்பதை யூஎம்எல் வரையறையே வரைகிறவர் தலையில் கட்டிவிட்டது. இரண்டு மார்க்குக்கு வரையலாம். பிராஜெக்டில் வரைந்தால் அடகுக் கடையில்கூட எடுக்கமாட்டார்கள்.

கேள்வி: இந்த யூஎம்எல்லை யார் பெற்றது?
– இல்லத்தரசி, மாடம்பாக்கம்

கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, இவார் ஜேக்கப்சன். மூவரும் தனித்தனிக் கடை வைத்திருந்தவர்கள்; ஒரே நிறுவனத்தில் சேர்ந்து ஒரே மொழியாக்கினார்கள். 1997-ல் ஓ.எம்.ஜி. அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. ரம்பா என்றதும் வேறு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

கேள்வி: பாப்பிரஸ் என்ற யூஎம்எல் டூலில் ரைட் கிளிக் செய்தால் 'நியூ சைல்டு' மெனு அனுமார் வால் மாதிரி நீள்கிறது. நாங்கள் உருவாக்கிய 'வார்டு' வகைக்குள் எதை வேண்டுமானாலும் வைக்க விடுகிறது. வார்டுக்குள் மண்டலத்தைக்கூட வைத்துவிட்டான் ஒருவன். எங்கே கட்டுப்படுத்துவது?
– சிஸ்டம்ஸ் இன்ஜினியர், மறைமலைநகர்

அவன் மேல் தப்பில்லை. 'மண்டலம்', 'வார்டு' இரண்டும் நீங்கள் கிளாஸுக்கு மேல் மாட்டிய ஸ்டீரியோடைப். வேஷத்தைக் கழற்றினால் உள்ளே இரண்டும் கிளாஸ். கிளாஸுக்குள் கிளாஸ் போகலாம் என்பது யூஎம்எல் சட்டம், அதாவது அதன் மெட்டாமாடல். டூல் உடம்பைப் பார்த்து உள்ளே விடுகிறது. வேஷத்தையும் பார்க்கச் சொல்வதுதான் உங்கள் வேலை.

அதற்கென்று ஒரு கோப்பு உண்டு: 'எலிமென்ட்டைப்ஸ்கான்ஃபிகரேஷன்ஸ்' என்று நீளமாக முடியும். அதில் உங்கள் ஒவ்வொரு வகைக்கும் ஒரு தனி ஐடி கொடுங்கள். எந்தப் பழைய வகையிலிருந்து பிறந்தது என்று சொல்லுங்கள். வார்டுக்கு அது கிளாஸ். அடுத்து மேட்சர்: ஒரு பொருளைப் பார்த்ததும் 'இவன் வார்டு' என்று எந்த அடையாளத்தால் கண்டுபிடிப்பது, இங்கே அந்த ஸ்டீரியோடைப். பிறகு அட்வைஸ். பெயரில்தான் அறிவுரை, செய்வது வாட்ச்மேன் வேலை. உள்ளே வர யார் கேட்டாலும் சரி அல்லது முடியாது என்று சொல்கிற ஆள் அவர்.

இத்தனையும் எழுதிவிட்டு அந்தக் கோப்பை ஆர்க்கிடெக்சர் கோப்பில் சேர்க்க மறப்பவர்கள்தான் அதிகம். சேர்க்காவிட்டால் வாட்ச்மேனுக்குச் சம்பளம் போட்டும் கேட்டில் நிறுத்தவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மெனுவிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டால் விதி முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாடல் எக்ஸ்ப்ளோரரில் அதே மண்டலத்தை மவுஸால் இழுத்து வந்து வார்டுக்குள் போட ஒரு நொடி போதும். 'உருவாக்கு' என்ற கோரிக்கைக்கும் 'நகர்த்து' என்ற கோரிக்கைக்கும் அட்வைஸ் பதில் சொல்ல வேண்டும். மெனுவைச் சுருக்குவது வாசலில் கோலம். அட்வைஸ்தான் தாழ்ப்பாள்.

கேள்வி: யூஎம்எல் கூடாது என்று சொல்வதை நம் கோப்பில் 'கூடும்' என்று எழுதி மீற முடியுமா?
– அவசரக்காரர், பம்மல்

பேக்கேஜுக்குள் நேராக ஒரு ஆபரேஷனை உட்கார வைக்கப் பார்க்கிறீர்களா? முடியாது. சங்க பைலா எழுதி அரசியல் சட்டத்தைத் திருத்த முடியுமா? நம் கோப்பு இருக்கிற உரிமையைக் குறைக்கலாம், இல்லாததைக் கொடுக்காது.

கேள்வி: ஒரு மண்டலத்துக்குக் குறைந்தது ஒரு வார்டு வேண்டும் என்று அட்வைஸ் எழுதினோம். இப்போது புது மண்டலத்தையே உருவாக்க முடியவில்லை!
– டெஸ்டர், பெரும்பாக்கம்

பிறந்த குழந்தையிடம் டிகிரி சர்டிபிகேட் கேட்டிருக்கிறீர்கள். 'இவ்வளவுக்குக் குறையக் கூடாது' என்பதை வாசலில் கேட்காதீர்கள், வேலிடேஷனில் கேளுங்கள். எல்லாம் பிறக்கும்போது காலிதான்.

கேள்வி: ஒரு பெட்டியை அதற்குள்ளேயே போட்டால் என்ன ஆகும்?
– பள்ளி மாணவன், அகரம்தென்

உன் தோள் மேல் நீயே ஏறி நின்று பார், கண்ணா. இ.எம்.எஃப். 'ரிகர்சிவ் கன்டெய்ன்மென்ட் நாட் அலவ்ட்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். தாத்தாவைப் பேரனுக்குள் வைத்தாலும் அதே பதில்.

கேள்வி: சேவ் செய்யும்போது 'நாட் கன்டெய்ன்ட் இன் எ ரிசோர்ஸ்' என்று கத்துகிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.
– புரோகிராமர், நன்மங்கலம்

சரியாக இல்லை. யாரோ ஒருவரை எல்லாரும் 'எங்கள் சொந்தம்' என்று கை காட்டுகிறார்கள், யார் வீட்டிலும் அவருக்குப் பாய் இல்லை. ரெஃபரன்ஸ் இருக்கிறது, வீடு இல்லை. எங்கே எழுதி வைப்பது என்று டூலுக்குத் தெரியவில்லை.

பெரும்பாலும் 'ரிமூவ்' போட்ட இடத்தில் இந்த வினை முளைக்கும். இ.எம்.எஃப்.பின் ஈகோர்யூட்டிலில் ரிமூவ் அவரை வீட்டை விட்டு அனுப்பும், அவ்வளவுதான். டெலிட் என்றால் ஊரார் டைரியில் இருக்கும் பெயரையும் தேடித்தேடி அடிக்கும்.

கேள்வி: நான் எம்.ஐ.டி. மாணவன். எங்கள் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறதே, அதுவும் கன்டெய்ன்மென்டா?
– மாணவர், குரோம்பேட்டை

ஆமாம், அதிலும் வீடு மாறிய கதை. 1949-ல் சி.ராஜம் தொடங்கியபோது தனிக் குடித்தனம். 1978-ல் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்தது தனிக் குடித்தனக் காலத்தில். வீடு மாறியும் ஆள் அதே ஆள். அதனால்தான் இன்றும் எம்.ஐ.டி. என்கிறீர்கள்.

உங்கள் டூல் அப்படிச் சொல்லுமா என்று பாருங்கள். இ.எம்.எஃப். சும்மா விட்டால் ஒரு பொருளை 'இன்னார் வீட்டில் மூன்றாவது பிள்ளை' என்றுதான் கோப்பில் குறித்து வைக்கும். பிள்ளை வீடு மாறினாலோ மேலே இன்னொருவர் பிறந்தாலோ, வேறு கோப்பிலிருந்து வந்த ரெஃபரன்ஸ் தப்பான ஆளின் கையைப் பிடிக்கும். ஒவ்வொருவருக்கும் சொந்த ஐடி கொடுங்கள். வரிசை எண் பெயராகாது.

கேள்வி: மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் தாம்பரத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?
– ஏற்றுமதி நிறுவன ஊழியர், சானடோரியம்

1984-ல் தொடங்கிய அந்த வளாகம் நிலப்படத்தில் உள்ளே. 2005 சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டப்படி சுங்கத்துக்கு வெளியே. இதில் மாடலிங்காரருக்கும் சேதி உண்டு: படத்தில் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை வரைந்திருக்கலாம், மாடலில் அது வேறெங்கோ குடியிருக்கும். படத்தை நம்பாதீர்கள், இடப்பக்கத்து மரத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஹெச்.டி.எம்.எல்.லில் 'பி' டேகுக்குள் 'டிவ்' போட்டேன். பிரவுசர் ஒன்றும் சொல்லவில்லை. விதி கிடையாதா?
– வெப் டிசைனர், கேளம்பாக்கம்

விதி உண்டு, சண்டை கிடையாது. டிவ்வைப் பார்த்ததும் பிரவுசர் பி-யை அங்கேயே மூடிவிட்டு டிவ்வை வெளியே உட்கார வைக்கும். நீங்கள் உள்ளே இருப்பதாக நினைத்து ராத்திரி இரண்டு மணி வரை சி.எஸ்.எஸ்.ஸைத் திட்டுவீர்கள். அது பக்கத்து வீட்டில் நிம்மதியாகத் தூங்கும். வாயைத் திறந்து 'முடியாது' என்று சொல்கிற டூலை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: விதியை இறுக்கமாக வைப்பதா, தளர்வாக வைப்பதா? டீமில் தினம் தகராறு.
– டீம் லீட், சோழிங்கநல்லூர்

ஞாயிற்றுக்கிழமை டீமோடு வண்டலூர் போய் வாருங்கள். 1985-ல் நகரத்திலிருந்து அங்கே குடிபோன உயிரியல் பூங்கா. மானுக்கு ஒரு வேலி போதும் என்று விட்டிருப்பார்கள். புலிக்கு அகழி. எது தப்பினால் திரும்பப் பிடிக்க முடியாதோ அங்கே இறுக்குங்கள். மானுக்கும் அகழி வெட்டிக்கொண்டிருந்தால் டெலிவரி எப்போது?

கேள்வி: விதி எழுதிவிட்டோம். ஆனால் பழைய மாடலில் தப்பான இடத்தில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்கிறதே?
– பிராஜெக்ட் மானேஜர், சிறுசேரி

இன்றைக்குப் புதுப் பூட்டு போட்டால் நேற்றே உள்ளே வந்து உட்கார்ந்தவர் எழுந்து போவாரா? வாட்ச்மேன் வருகிறவரைத்தான் கேட்பார். உள்ளே இருப்பவருக்கு வீடு வீடாகக் கணக்கெடுப்பு வேண்டும். அதே விதியை ஓ.சி.எல். என்ற நிபந்தனை மொழியில் ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்டாகவும் எழுதி, மொத்த மாடலையும் வேலிடேட் செய்யுங்கள். பட்டியல் வரும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து இடம் மாற்றுங்கள். குறுக்கு வழி கேட்டு அடுத்த வாரம் எழுதாதீர்கள்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்டில் கார் பார்க்கிங் சண்டை. பார்க்கிங் வீட்டுக்குள் வருமா, கட்டடத்துக்குள் வருமா? உங்கள் விதி இதைத் தீர்க்குமா?
– சங்கச் செயலாளர், ராஜகீழ்ப்பாக்கம்

தீர்க்கும், கட்டடம் எழும்பும் முன்பே எழுதியிருந்தால். 2010-ல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்னது: தூண்களுக்கு நடுவே இருக்கும் பார்க்கிங் தனியாக விற்கிற வீடு அல்ல, பொது இடம். அங்கே பார்க்கிங்கின் அப்பா கட்டடம் என்று ஆயிற்று. உங்கள் பத்திரத்தை எடுத்து, யாருக்குள் எழுதியிருக்கிறது என்று படியுங்கள். முதல் வீடு விற்கும் முன் போட்டால் அது படம். அப்புறம் போட்டால் வழக்கு.

கேள்வி: ஏரிக்குள் ஏரி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, செம்பாக்கம்

இல்லை, டீச்சர். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உங்கள் செம்பாக்கம் ஏரிக்கு வரும், அங்கிருந்து நன்மங்கலம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், அதாவது 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய அதே சதுப்புநிலம். ஒன்று இன்னொன்றுக்குள் இல்லை. ஒன்று இன்னொன்றுக்குக் கொடுக்கிறது. மாடலில் இதற்கு வெறும் அம்பு போதும். நிலத்தில் அந்த அம்பின் மேல் வீடு கட்டிவிட்டோம். அதனால்தான் மழைக்காலத்தில் தண்ணீர் நம் வீட்டைக் கன்டெய்னர் ஆக்கிக்கொள்கிறது.

கேள்வி: இந்த விதியெல்லாம் இனி ஏ.ஐ. எழுதிவிடுமே, மாமா?
– வேலை தேடுபவர், ஊரப்பாக்கம்

எழுதும். தெருவை வார்டுக்குள் போட்டு எழுதும். 2021-ல் வார்டு போய் தெரு மிஞ்சியதைப் பார்த்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டும். அந்த நாற்காலிக்கு விண்ணப்பம் போடுங்கள்.

கேள்வி: எல்லாம் படித்தேன். மெட்டாமாடலுக்கும் அட்வைஸுக்கும் வித்தியாசம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. சுருக்கமாக இன்னொரு தரம்.
– தினப் பயணி, மேற்குத் தாம்பரம்

1931-லிருந்து நம் தடத்தில் மின்சார ரயில். பெட்டிக்குள் ஆள் ஏறலாம், ஆளுக்குள் பெட்டி ஏறக் கூடாது: இது மெட்டாமாடல். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்பில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதைக் கேட்க வருபவர் அட்வைஸ். கிண்டியில் ஏறுவார்.